கடன் எவ்வளவோ, காப்பு அவ்வளவு

2014 நவம்பர் 5-ஆம் தேதி, அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டியில் தலைமையகம் வைத்திருக்கும் கான்டினென்டல் ரிசோர்சஸ் என்ற எண்ணெய் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2016 முடியும்வரை விலைச் சரிவிலிருந்து தன்னைக் காக்கப் போட்டு வைத்திருந்த ஹெட்ஜ் ஒப்பந்தங்களைக் கிட்டத்தட்ட மொத்தமாக முடித்துக்கொண்டு, 43.3 கோடி டாலரைக் கையில் வாங்கியாயிற்று என்றது அது. வடக்கு டகோட்டாவின் பேக்கன் வயலில் ஷேல் எண்ணெயை எடுத்துப் பெரும்பணக்காரரான ஹெரால்டு ஹாம் அப்போது அதன் தலைவர். நிறுவனத்தின் பங்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவரிடமே இருந்தது. அந்த ஜூன் மாதம் 107 டாலரைத் தொட்ட அமெரிக்கக் கச்சா எண்ணெய், நவம்பர் தொடக்கத்தில் 80 டாலருக்குக் கீழே வந்திருந்தது. இதற்கு மேல் இறங்காது, சீக்கிரம் ஏறிவிடும் என்று அவர் நம்பினார். ஏறும்போது அந்த ஏற்றம் முழுவதும் தனக்கே வர வேண்டும் என்று காப்பைக் கழற்றி வைத்தார். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 27 அன்று, வியன்னாவில் கூடிய ஓபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தன. ஜனவரியில் விலை 50 டாலருக்குக் கீழே போனது. 2016 பிப்ரவரியில் 26 டாலர்.

இந்தக் கதையை வணிக ஏடுகள் பல முறை சொல்லியிருக்கின்றன. கெட்டிக்காரர் ஒருவர் விலையைத் தப்பாகக் கணித்துவிட்டார் என்பதுதான் அவை எடுத்த பாடம். அது போதாது என்பது என் கருத்து. எண்ணெய் விலையைக் கணித்துத் தப்பாகப் போகாதவர் யார்? ஓபெக் அமைச்சர்கள், முதலீட்டு வங்கிகள், அரசாங்கங்கள் என்று பட்டியல் நீளம். ஹாமின் தவறு அவர் தந்த பதிலில் இல்லை, கேட்ட கேள்வியில்தான் இருந்தது. ‘விலை எங்கே போகும்?’ என்று கேட்டார். அவர் நிறுவனத்துக்கு அப்போது சுமார் 600 கோடி டாலர் கடன்; ஓராண்டில் அது 700 கோடியைத் தாண்டியது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘விலை எங்கே போனாலும் இந்தக் கடனுக்கு நான் என்ன செய்வேன்?’ என்பது. எண்ணெய், எரிவாயு எடுப்பவர்கள் டெரிவேட்டிவ் சந்தையில், அதாவது ஹெட்ஜ் போன்ற விலை ஒப்பந்தங்களின் சந்தையில், எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதை விலை பற்றிய அவர்கள் அபிப்பிராயம் தீர்மானிக்கக் கூடாது. அவர்கள் தலைமேல் உள்ள கடன்தான், அல்லது கடனைப் போலவே தட்டிக்கழிக்க முடியாத வாக்குறுதிதான், அதைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் இந்தத் தொழிலின் கணக்கைப் பார்ப்போம். ஷேல் கிணறு தோண்டியதும் பொங்கும்; முதல் ஆண்டுக்குள்ளேயே அதன் உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது, கிணற்றில் போட்ட பணம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பி வந்தாக வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் விலை படுத்துவிட்டால், பத்தாவது ஆண்டில் அது எழுந்து நிற்பதால் பயன் இல்லை. அப்போது கிணற்றில் எண்ணெய் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். அதனால்தான் பல நிறுவனங்கள் வரப்போகும் உற்பத்தியில் ஒரு பகுதிக்கு இன்றே விலை பேசி வைக்கின்றன. மாந்தோப்பைப் பூ வைத்ததுமே குத்தகைக்குப் பேசுகிற விவசாயி செய்வதும் இதுதான். காய்ப்பு வரும்போது விலை ஏறினால் ஏறட்டும், எனக்கு இன்று இந்தத் தொகை உறுதி என்கிறார் அவர். ஒரு வித்தியாசம்: டெரிவேட்டிவில் பெரும்பாலும் சரக்கு கை மாறுவதில்லை. நாளொன்றுக்கு 10,000 பீப்பாய் எடுக்கும் ஒரு நிறுவனம், அதில் 6,000 பீப்பாய்க்கு 65 டாலர் என்று ஒரு வங்கியிடம் ஸ்வாப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் வழக்கம்போல் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சந்தை விலைக்கே போகும். மாதக் கடைசியில் சராசரி விலை 50 டாலர் என்று நின்றால், வங்கி பீப்பாய்க்கு 15 டாலர் வீதம், முப்பது நாளுக்கு 27 லட்சம் டாலர் நிறுவனத்துக்குக் கட்டும். சராசரி 80 டாலர் என்றால் அதே 27 லட்சத்தை நிறுவனம் வங்கிக்குக் கட்டும். எப்படிப் போனாலும் அந்த 6,000 பீப்பாய்க்குக் கையில் நிற்பது 65 டாலர்தான்.

விலை 80 டாலரில் நிற்கும் மாதத்தில்தான் செய்தித்தாள்கள் சறுக்குகின்றன. ‘ஹெட்ஜிங்கில் 27 லட்சம் டாலர் நட்டம்’ என்று தலைப்பு வரும். அதே மாதம் அதே எண்ணெயை ஆலைக்கு 80 டாலருக்கு விற்றுக் கூடுதலாக வந்த 27 லட்சத்தைத் தலைப்பு சொல்லாது. அது வேறு பக்கத்தில், விற்பனை வருவாய் என்ற பெயரில் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு ஓடுகிறது என்றால், வரப்போகும் மாதங்களுக்கான ‘நட்டம்’ முழுவதும் இந்தக் காலாண்டிலேயே கணக்கில் ஏறிவிடும். அதற்கு ஈடாகக் கூடிய விலையில் விற்கப்போகும் எண்ணெயோ இன்னும் பூமிக்கடியில் இருக்கிறது. 2021-இல், அப்போது அமெரிக்காவின் மிகப் பெரிய இயற்கை எரிவாயு உற்பத்தியாளராக இருந்த ஈக்யூடி நிறுவனத்துக்கு இதுதான் நேர்ந்தது. எரிவாயு விலை அந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அக்டோபருக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. விலை ஏறினால் உற்பத்தியாளருக்குக் கொண்டாட்டம் என்றுதானே நினைப்போம்? அந்த மூன்றாம் காலாண்டில் ஈக்யூடி சுமார் 200 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியது. காரணம், பெரும்பாலும் ஹெட்ஜ் ஒப்பந்தங்கள்.

அந்த நட்டத்தில் பெரும்பகுதி காகிதத்தில்தான் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. எதிர்த்தரப்பு, ‘நீ கட்ட வேண்டியது இவ்வளவு ஏறிவிட்டது, ஈட்டுக்குப் பணம் வை’ என்று மார்ஜின் கேட்கும். அது காகிதம் இல்லை, ரொக்கம். பூமிக்கடியில் இருக்கும் எரிவாயுவைக் காட்டி மார்ஜின் கட்ட முடியாது. 1993-இல் ஜெர்மனியின் மெட்டல்கெசெல்ஷாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை இந்த இடத்தில்தான் விழுந்தது. அது உற்பத்தியாளர் அல்ல, விற்பனையாளர். வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகளுக்கு நிலையான விலையில் எரிபொருள் தருவதாக ஒப்புக்கொண்டு, அதற்குக் காப்பாகக் குறுகிய கால முன்பேர ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்திருந்தது. விலை இறங்கியது, மார்ஜின் கேட்டு அழைப்புகள் குவிந்தன, தாய் நிறுவனம் பயந்துபோய் எல்லாவற்றையும் முடித்தது. நட்டம் 130 கோடி டாலர் அளவுக்குப் போனது. முடித்திருக்கவே கூடாது, திட்டம் அடிப்படையில் சரியானதுதான் என்று நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் மெர்ட்டன் மில்லர் பின்னர் வாதாடினார். வாதம் சரியாகவே இருக்கட்டும். மார்ஜினுக்கு நாளைக் காலை பணம் கட்ட வேண்டியவருக்கு அது உதவாது. ஆகவே கடனாளிக்குக் காப்பு வேண்டும் என்று நான் சொல்லும்போது, காப்பே புதிய கடனாக வந்து கழுத்தை நெரிக்காத வடிவில் அது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஷேல் நிறுவனங்களுக்குக் கடன் தரும் வங்கிகள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கின்றன. கடன் கொடுத்த வங்கியே ஸ்வாப்பையும் போடும். எண்ணெய் வயல் ஏற்கெனவே அதனிடம் அடமானத்தில் இருப்பதால் தனியாக மார்ஜின் கேட்காது.

அந்த வங்கிகளின் நடைமுறை என் வாதத்துக்கு முதல் சாட்சி. நடுத்தர எண்ணெய் நிறுவனத்துக்கு அமெரிக்க வங்கி கடன் தருவது, பூமிக்கடியில் உள்ள இருப்பின் மதிப்பை வைத்து. ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அந்த மதிப்பைத் திரும்பக் கணக்கிட்டுக் கடன் வரம்பை ஏற்றும் அல்லது இறக்கும். விலை சரிந்தால் வரம்பும் சரியும்; வருமானம் குறைந்த அதே காலத்தில் கடன் வசதியும் குறையும். அடி இரண்டு பக்கமும் விழுகிறது. இதனால்தான் வரப்போகும் உற்பத்தியில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கட்டாயம் ஹெட்ஜ் போட வேண்டும் என்று கடன் பத்திரத்திலேயே பல வங்கிகள் எழுதி வாங்குகின்றன. விலை ஏறுமா இறங்குமா என்பதில் வங்கிக்கு அக்கறை இல்லை. தன் பணம் திரும்புமா என்பதில்தான் அக்கறை. 1992 முதல் 1994 வரை 100 எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களை ஆராய்ந்த டேவிட் ஹவ்ஷால்டர், கடன் விகிதம் அதிகமாக உள்ள நிறுவனங்களே உற்பத்தியில் அதிகப் பங்குக்கு ஹெட்ஜ் போடுகின்றன என்று கண்டார். மறுபக்கம் எக்ஸான் மொபில் போன்ற பெருநிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தன் உற்பத்தியைப் பெரிய அளவில் ஹெட்ஜ் செய்ததில்லை. அதன் பெட்டகம் பெரியது, சுத்திகரிப்பு ஆலைகள் உண்டு, உலகம் முழுக்க வயல்கள் உண்டு. அந்த அகலமே அதற்குக் காப்பு. 2021, 2022-இல் விலை ஏறிக் கடனை அடைத்த ஷேல் நிறுவனங்கள் பலவும் ஹெட்ஜ் போடுவதை வெகுவாகக் குறைத்தன, சில அடியோடு நிறுத்தின. இதைப் பேராசை என்று சிலர் எழுதினார்கள். கடன் போன பிறகு காப்பும் போனது. இதில் முரண்பாடு எனக்குத் தெரியவில்லை.

கடன் என்பதை நான் கொஞ்சம் அகலமான பொருளில் சொல்கிறேன். பொருளாதார அறிஞர்கள் ஃப்ரூட், ஷார்ஃப்ஸ்டைன், ஸ்டைன் மூவரும் 1993-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இது: முதலீடு செய்ய வேண்டிய நேரத்தில் கையில் பணம் இருப்பதற்காகத்தான் ஒரு நிறுவனம் ஹெட்ஜ் செய்கிறது. எண்ணெய்த் தொழிலுக்கு இதில் ஒரு திருப்பம் உண்டு. விலை சரிந்தால் புதிய கிணறு தோண்டுவதும் லாபமற்றுப் போகும்; ஆகவே தோண்டும் செலவு தானாகவே குறையும். அந்த அளவுக்கு எண்ணெய் நிறுவனத்துக்கு இயல்பாகவே ஒரு காப்பு அமைந்திருக்கிறது. ஆனால் வட்டி விலையைப் பார்த்துக் குறைவதில்லை. பாதியில் நிற்கும் ஆழ்கடல் திட்டத்தின் செலவும் குறைவதில்லை. ஹெஸ் நிறுவனம் 2020-க்குள் நுழைந்தபோது நிலைமை அதுதான். கயானாக் கடலில் ஸ்டாப்ரூக் வயலில் அதற்கு 30 விழுக்காடு பங்கு. பல ஆண்டுகளுக்குப் பணத்தைக் கொட்டினால்தான் பலன். அந்த ஆண்டுக்கு நாளொன்றுக்கு 1,50,000 பீப்பாய் அளவுக்குப் புட் ஆப்ஷன் வாங்கி வைத்திருந்தது, பெரும்பகுதி 55 டாலர் விலையில். புட் என்பது விற்கும் உரிமை, கடமை அல்ல. விலை 55-க்குக் கீழே போனால் வித்தியாசம் கைக்கு வரும், மேலே போனால் கட்டிய பிரீமியம் மட்டும் போகும், ஏற்றம் முழுவதும் தனக்கே. மார்ச்சில் கோவிட் வந்தது. ஏப்ரல் 20 அன்று மே மாத ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துப் போகிறவருக்குப் பணமும் கொடுக்க வேண்டியிருந்த நாள் அது. ஹெஸ் சும்மா இருக்கவில்லை. பேக்கன் வயலில் துளையிடும் ரிக்குகளை ஆறிலிருந்து ஒன்றாகக் குறைத்தது, புதிதாகக் கடனும் வாங்கியது. ஆனால் கயானாவைத் தொடவில்லை. 2023-இல் செவ்ரான் அந்த நிறுவனத்துக்கு 5,300 கோடி டாலர் விலை பேசியபோது, அதன் கண் முதலில் போனது கயானா மீதுதான். 2020-இல் காப்பு இல்லாமல் இருந்து அந்தப் பங்கில் பாதியை விற்க நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடத் தேவையில்லை.

கான்டினென்டலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் என் வாதத்துக்கு முதல் மறுப்பும் அங்கேதான் இருக்கிறது. அந்த நிறுவனம் சாகவில்லையே என்று கேட்கலாம். சாகவில்லை, உண்மை. செலவைப் பாதிக்கு மேல் வெட்டியது, 2016 பிப்ரவரியில் அதன் கடன் பத்திரங்கள் முதலீட்டுத் தரத்தை இழந்தன, ஆனால் பிழைத்தது. 2022-இல் ஹாமின் குடும்பமே மீதிப் பங்குகளை வாங்கி அதைத் தனி நிறுவனமாக்கியது. கட்டியிருந்த சீட் பெல்ட்டை விபத்துக்கு முன் கழற்றிவிட்டு உயிர் பிழைத்தவர் இருக்கிறார் என்பதால் சீட் பெல்ட் வீண் என்றாகாது. 2015 முதல் 2019 முடிய வட அமெரிக்காவில் திவாலான எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. 2020-இல் அந்த வரிசையில் விட்டிங் பெட்ரோலியமும் செசபீக்கும் சேர்ந்தன. இதோடு நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவற்றில் ஹெட்ஜ் போட்டிருந்தவையும் உண்டு. இரண்டு ஆண்டுக்கான காப்பு, பத்து ஆண்டுக் கடனைத் தூக்கிச் சுமக்காது. அது வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் செலவைக் குறைக்காமல், வயலை விற்காமல், கடன் கொடுத்தவரோடு பேசாமல் விலை ஏறும் என்று உட்கார்ந்திருந்தால் காப்பு முடிகிற தேதியில் கதையும் முடியும்.

இரண்டாவது மறுப்பு பங்குதாரர் பக்கமிருந்து வருவது, கனமானது. எண்ணெய் நிறுவனத்தின் பங்கை ஒருவர் வாங்குவதே எண்ணெய் விலை ஏறினால் தானும் ஏற வேண்டும் என்றுதான். விலை ஆபத்து வேண்டாம் என்றால் அவரே சந்தையில் காப்பு வாங்கிக்கொள்வார், நிறுவனம் ஏன் அவருக்காக அதைச் செய்ய வேண்டும்? 1998 முதல் 2001 வரை 119 அமெரிக்க உற்பத்தியாளர்களை ஆராய்ந்த ஜின், ஜோரியன் இருவரும் இதற்கு வலுச் சேர்த்தார்கள். ஹெட்ஜ் போட்ட நிறுவனங்களின் பங்கு, எண்ணெய் விலையோடு குறைவாக ஆடுகிறது. ஆனால் அதனால் நிறுவனத்தின் மதிப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். எனக்கு இந்த முடிவோடு சண்டை இல்லை. எல்லாரும் ஹெட்ஜ் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடனில்லாதவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை என்பது என் வாதத்தின் மறுபாதிதான். கடனாளி நிறுவனத்தில் கதை வேறு. பங்குதாரர் தன் கணக்கில் எண்ணெய் விலைக்குக் காப்பு வாங்கி 2020 ஏப்ரலில் லாபம் பார்த்திருக்கலாம். அந்தப் பணம் அவர் கணக்கில் இருக்கும். வங்கிக்கு வட்டி கட்ட வேண்டிய நிறுவனத்தின் கணக்கில் இருக்காது.

மூன்றாவது மறுப்பில் பணவாசனை உண்டு. ஹெட்ஜ் என்பதே வங்கிகள் கொழுக்கும் வியாபாரம், பிரீமியம் வீணாய்ப் போகிறது என்பது. இந்த மறுப்பை நம்பியதால்தான் நிறுவனங்கள் இன்னும் ஆபத்தான இடத்துக்குப் போயிருக்கின்றன. பிரீமியம் கட்ட மனம் வராத உற்பத்தியாளரிடம், ‘செலவே இல்லாத காப்பு’ என்று ஒன்று விற்கப்படும். 55 டாலரில் தரை. அதற்கு விலையாக, 70 டாலருக்கு மேல் ஏறினால் அந்த ஏற்றத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்குக் காலர் என்று பெயர், இதில் குற்றமில்லை. கூரை 70 போதாது, 75 வேண்டும் என்று உற்பத்தியாளர் கேட்பார். சரி, அதற்குப் பதில் 45 டாலருக்கு ஒரு புட்டை நீ எங்களுக்கு விற்றுவிடு என்பார்கள் வங்கிக்காரர்கள். மூன்று கால் முளைத்த இந்த ஒப்பந்தம் ஷேல் வட்டாரத்தில் வெகு பிரபலம். விலை 50-க்குப் போனால் கையில் 55 நிற்கும், அருமை. விலை 45-க்குக் கீழே போனதும் தரை காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு சந்தை விலையோடு 10 டாலர் மட்டும் கிடைக்கும். 2020 ஏப்ரலில் மாதச் சராசரி 20 டாலருக்கும் கீழே. கூட்டினால் 30 கூட வரவில்லை. சாதாரணத் தூறலுக்கு விரிகிற குடை, புயலில் மடங்கிக்கொண்டது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கத் தன் காப்பின் அடிப்பகுதியை அறுத்து விற்றவர்கள், ‘நாங்களும் ஹெட்ஜ் போட்டிருந்தோம்’ என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

பிரீமியத்தை மிச்சம் பிடித்து ஆபத்தை வாங்கும் இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. அது உற்பத்தியாளர் கதையல்ல, இறக்குமதியாளர் கதை. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் அதேதான். இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் 2007, 2008-இல் விலையேற்றத்துக்குப் பயந்து வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது. விலை ஏறினால் கூட்டுத்தாபனத்துக்கு வரும் ஆதாயத்துக்கு உச்சவரம்பு இருந்தது, அதுவும் சின்னது; விலை இறங்கினால் அது கட்ட வேண்டிய தொகைக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட எண்ணெய், டிசம்பரில் 40-க்கும் கீழே கிடந்தது. நவம்பர் கடைசியில் இலங்கை உச்ச நீதிமன்றம் பணம் கட்டுவதை நிறுத்தி இடைக்கால உத்தரவிட்டது. வழக்குகள் வெளிநாடு போயின. ஸ்டாண்டர்டு சார்டர்டு வங்கி லண்டனில் 16 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கியது. டாயிச்சே வங்கி பன்னாட்டு நடுவர் மன்றத்தில் 6 கோடி டாலர் வாங்கியது. சிட்டி வங்கி மட்டும் தன் வழக்கில் தோற்றது. இதை வைத்து, அரசு நிறுவனம் டெரிவேட்டிவ் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று கொழும்பில் அன்று பேசியவர்கள் பலர். மெக்சிகோவைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அங்கேயும் அரசுதான், அங்கேயும் அதே உலக வங்கிகள்தான். வாங்கிய பொருள் வேறு. தன் ஏற்றுமதிக்கு மெக்சிகோ நிதியமைச்சகம் ரொக்கம் கட்டிப் புட் வாங்குகிறது. கட்டிய பிரீமியத்துக்கு மேல் ஒரு டாலரும் அதற்கு ஆபத்தில்லை, மார்ஜின் அழைப்பும் வராது.

நான்காவதாக ஒரு மறுப்பு, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கடன் அதிகமானால் காப்பும் அதிகம் வேண்டும் என்று எழுதுவது எளிது. கடன் கழுத்தளவு வந்தவருக்கு யார் காப்பு விற்பார்கள்? ராம்பினி, சூஃபி, விஸ்வநாதன் ஆகியோர் விமான நிறுவனங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், நிறுவனம் நெருக்கடியை நெருங்க நெருங்க எரிபொருள் ஹெட்ஜிங் குறைகிறது என்று காட்டினார்கள். ஈடு வைக்க எதுவும் மிஞ்சாத நிலை. எண்ணெய் உற்பத்தியாளருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆகவே கடன் வாங்குகிற அன்றே, விலை நன்றாக இருக்கிற அன்றே, காப்பையும் போட வேண்டியிருக்கிறது. மனித மனம் அதை ஒருபோதும் விரும்பாது. விலை ஏறும்போது காப்பு வீண் செலவாகத் தெரியும், இறங்கிய பிறகு எட்டாத விலையில் இருக்கும். கடன் பத்திரத்தில் வங்கி கட்டாயமாக எழுதி வாங்குவதை நான் ஆதரிப்பது இதற்காகவும்தான். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஒவ்வொருவருக்கும் நல்லதான இந்தக் கட்டாயம் எல்லாருக்கும் சேர்த்து நல்லதாக இருக்க வேண்டியதில்லை. 2015-இல் காப்பு வைத்திருந்த ஷேல் நிறுவனங்கள் விலை விழுந்த பிறகும் எண்ணெய் எடுத்துக்கொண்டே இருந்தன. அதுவே விலை எழுவதைத் தாமதப்படுத்தியது.

எவ்வளவு போடலாம் என்பதிலும் ஓர் எல்லை உண்டு. உற்பத்தி முழுவதற்கும் விலை பேசிவிட்டு உற்பத்தி நின்றுபோனால் காப்பே சூதாட்டமாகிவிடும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறைய வைத்த பனிப்புயலில் கிணறுகளே உறைந்தன. முன்கூட்டி விற்ற எரிவாயுவைக் கொடுக்க முடியாதவர்கள் எட்டாத விலையில் வெளியே வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. இடமும் முக்கியம். ஒப்பந்தத்தில் எழுதிய விலை ஒக்லஹோமாவின் குஷிங் கிடங்கு விலை. எண்ணெய் கிடைப்பதோ மேற்கு டெக்சாஸின் மிட்லேண்டில். 2018-இல் குழாய் போதாமல் மிட்லேண்ட் விலை, குஷிங்கைவிடப் பீப்பாய்க்கு 15 டாலருக்கும் மேல் குறைந்தது. குஷிங் விலைக்குக் காப்பு வைத்திருந்தவருக்கு அந்த 15 டாலர் யாரும் தரவில்லை.

மெக்சிகோவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அது ஜெயித்த ஆண்டுகள் இல்லை. 2009-க்கு 33 கோடி பீப்பாய்க்கு 70 டாலர் என்று 150 கோடி டாலர் கொடுத்துக் காப்பு வாங்கினார்கள். 510 கோடி திரும்பி வந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த அகுஸ்தின் கார்ஸ்டென்ஸ் உலகப் புகழ் பெற்றார். 2015-க்கு 600 கோடிக்கு மேல் வந்தது. 2018-க்கு 46 டாலரில் தரை போட்டார்கள். மெக்சிகோ எண்ணெய் சராசரியாக அதைவிட நன்றாகவே விற்றது, பிரீமியம் முழுவதும் போனது. நம் ஊர் அதிகாரி ஒருவர் இதைச் செய்திருந்தால் தணிக்கைக் குறிப்பு அவர் மேசைக்கு வந்திருக்கும்: பலனில்லாத செலவு, விளக்கம் தேவை. எதுவும் வாங்காமல் சும்மா இருந்து விலை சரிந்திருந்தால் அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்; பழி உலகச் சந்தை மேல் போகும். மெக்சிகோ இந்தச் சிக்கலை அவிழ்த்தது நிதித் துறையின் திறமையால் இல்லை, கணக்கெழுதும் முறையால். பிரீமியம் வருவாய் நிலைப்படுத்தும் நிதியிலிருந்து போகிறது. பட்ஜெட்டில் இவ்வளவு வருவாய் வரும் என்று நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அந்த வாக்கைக் காக்க ஆகும் செலவு இது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2018-இல் பிரீமியம் போனதற்காக எந்த அமைச்சரும் ராஜினாமா செய்யவில்லை. அடுத்த ஆண்டுக்கு மறுபடி வாங்கினார்கள், அதுவும் பலன் தரவில்லை. 2020-க்கு மறுபடி வாங்கினார்கள், 49 டாலரில்.